‘பாட்டி’யும் ‘பட்டா’வும் ஒரே கோப்பாகிவிட்டன: கட்டளை வரியில் பெயர்களைச் சீர்செய்யப் போய் 47 கோப்புகள் காணவில்லை

ஓலைநறுக்கு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துகிறேன். முனையத்தில் யாராவது எழுதித் தந்த கட்டளையைத் தப்பில்லாமல் தட்டும் அளவுக்குத்தான் எனக்குப் பழக்கம்.

தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டைக் கைமாற்றும் முன், அங்கிருந்த காகிதங்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஒரு வெளிப்புற வட்டில் சேர்த்தோம். ரங்கூன் கடிதங்கள், மொய்ப் பட்டியல்கள், கொலுப் படங்கள், நிலப் பத்திரங்கள் என்று மொத்தம் 6,218 கோப்புகள். பெயர் வைத்தது மூன்று பேர். ஒருவர் ‘பாட்டி   கல்யாணம் (1) (1) இறுதி புதியது!!’ என்று வைப்பார். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் வந்த பெயரை அப்படியே விட்டுவிடுவார். மூன்றாமவர் பெயரிலேயே முழுக் கதையையும் எழுதிவிடுவார்.

இணையத்தில் கிடைத்த பத்து வரிப் பைத்தான் நிரல் ஒன்றை ஓட்டினேன். ‘எழுத்தும் எண்ணும் அல்லாத அனைத்தையும் பெயரிலிருந்து நீக்கு’ என்பதுதான் அதன் வேலை. ஓடி முடிந்தது, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. பிறகு எண்ணிப் பார்த்தால் 6,171. ‘வீட்டு ஆவணம்’ என்ற கோப்புறையில் ‘படட’ என்று ஒரு படம் இருக்கிறது. திறந்தால் துருப்பிடித்த இரும்புப் பெட்டி. அங்கே இருந்த நிலப் பட்டாவைக் காணவில்லை.

அதே நிரல் தன் விண்டோஸில் ஒழுங்காக ஓடியது என்கிறான் தம்பி மகன். என்ன நடந்தது என்று யாராவது விளக்குவீர்களா?

---

முனையவாசி

முதலில் அந்த வட்டைக் கழற்றி வையுங்கள். அதில் ஒரு எழுத்துகூட இனி எழுத வேண்டாம். மற்றவை பிறகு.

---

முனையவாசி

சரி, விளக்குகிறேன். இங்கே இரண்டு தவறுகள் கைகோத்திருக்கின்றன.

ஒருங்குறியில் (யூனிகோட்) ‘ட’ என்பது எழுத்து வகையைச் சேர்ந்தது. ஆனால் புள்ளியும் கால், கொம்பு, சுழி போன்ற உயிர்க்குறிகளும் எழுத்து வகையில் இல்லை. அவை ‘குறி’ என்ற தனி வகை. பைத்தானோடு வரும் தேடல் நூலகம் ‘சொல்லில் வரும் எழுத்து’ என்று கேட்டால் எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறது. ஆகவே உங்கள் நிரல் தமிழைப் பார்த்ததும் புள்ளிகளையும் உயிர்க்குறிகளையும் குப்பை என்று கூட்டித் தள்ளிவிட்டது.

‘பட்டா’வில் புள்ளியும் காலும் போனால் மிஞ்சுவது ப, ட, ட. ‘பாட்டி’யில் கால், புள்ளி, சுழி போனாலும் ப, ட, ட. ‘பாட்டு’ம் அதுவே, ‘பெட்டி’யும் அதுவே. அந்தக் கோப்புறையில் இந்த நான்கு பெயர்களும் இருந்தனவா?

இரண்டாவது தவறு இன்னும் கொடியது. லினக்ஸில் பைத்தானின் பெயர்மாற்றச் செயல், புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் கேள்வி கேட்காமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். விண்டோஸில் அதே செயல் ‘கோப்பு ஏற்கெனவே உள்ளது’ என்று நின்றுவிடும். உங்கள் தம்பி மகனுக்குப் பிரச்சினை வராததற்கு அதுதான் காரணம். அல்லது அவர் கோப்புப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்திருக்கும்.

---

ஓலைநறுக்கு

நான்கும் இருந்தன. பாட்டியின் படம், பட்டா, அந்தப் பெட்டி, பாட்டி தாலாட்டு எழுதி வைத்திருந்த நோட்டின் ஒரு பக்கம். கடைசியாகப் பெயர் மாறிய பெட்டி மட்டும் பிழைத்திருக்கிறது.

---

பழைய_தட்டச்சர்

தம்பி, மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று பள்ளியில் படித்தோம். அந்த அரை மாத்திரைக்குரிய புள்ளி போனதில் பட்டாவே போயிற்றே.

---

வெற்றிடம்

யாரும் கோபப்பட வேண்டாம். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்ததுதான் மூலப் பிழை. பெயர் என்பது கணினிக்கான முகவரி. சின்ன ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு. இவற்றுக்கு வெளியே போகாதவர்களுக்கு இருபது ஆண்டுகளாக ஒரு தொல்லையும் இல்லை. நான் அந்த இனம்.

---

நூலகத்து_அக்கா

வெற்றிடம், உங்கள் வழியில் நானும் ஒருமுறை போனேன். குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் கட்டளையிடம் தமிழ்ப் பெயர்களை ஆஸ்கிக்கு, அதாவது வெறும் ஆங்கில எழுத்துக் குறியாக்கத்துக்கு, மாற்றச் சொன்னேன். குறியீட்டுக்கு ஒரு கேள்விக்குறியாகப் போட்டுக் கொடுத்தது (எழுத்து, புள்ளி, கால் ஒவ்வொன்றும் ஒரு குறியீடு). மூன்று குறியீடு உள்ள பெயர்கள் எல்லாம் மூன்று கேள்விக்குறிகளாக ஒன்றாகிவிட்டன. போதாததற்கு, கட்டளைகளைப் படிக்கும் ஷெல்லில் கேள்விக்குறி என்றால் ‘ஏதாவது ஒரு எழுத்து’ என்று பொருள். அந்தக் கோப்பை நீக்கப் போனால் பக்கத்து வீட்டுக் கோப்பும் சேர்ந்து போகும்.

கையால் ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்பீர்கள். வலமும் வளமும் என்ன ஆகும்? கலை, களை, கழை மூன்றையும் எப்படிப் பிரிப்பீர்கள்? நாங்கள் நூல் பட்டியல் போடுகிறவர்கள். பெயரைப் பார்த்ததும் எந்தப் புத்தகம் என்று தெரியவில்லை என்றால் அது எங்களுக்குப் பெயரே இல்லை.

---

வெற்றிடம்

மறுக்கவில்லை. ஆனால் கருவிகள் தமிழை மதிக்கும்வரை நான் பொறுத்திருக்கப் போவதில்லை, அவ்வளவுதான்.

---

முனையவாசி

கருவிகள் மதிக்கவில்லை என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது. கோப்பு முறைமைக்கு மொழியே தெரியாது. லினக்ஸில் ஒரு பெயரில் இடம்பெற முடியாத பைட்டுகள் இரண்டே இரண்டு: சாய்கோடும் சுழிய பைட்டும். இடைவெளி, புதுவரி, மணியோசை, தமிழ் எதுவும் அதற்கு ஒன்றுதான்.

ஒருங்குறியைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 பிறந்த கதையே இதுதான். 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஒரு சிற்றுண்டிக் கடை மேசைவிரிப்புத் தாளில் அதை வரைந்தார்கள். அதன் முன்னோடி முன்மொழிவின் பெயரே ‘கோப்பு முறைமைக்குப் பாதுகாப்பான’ குறியாக்கம் என்பது. ஆஸ்கி அல்லாத எந்த எழுத்தின் பைட்டுகளுக்குள்ளும் சாய்கோட்டின் பைட்டோ வேறு ஆஸ்கி பைட்டோ ஒளிந்திருக்காது. அதனால் இடைவெளி, அடைப்புக்குறி, ஆச்சரியக்குறி போன்றவற்றை மட்டும் குறிவைத்து நீக்கினால் தமிழுக்கு ஒரு கீறலும் விழாது. பைட் பைட்டாக வேலை செய்யும் ‘டிஆர்’ கட்டளைகூட அதற்குப் போதும்.

உங்கள் நிரல் நேர் எதிராகச் செய்தது. வேண்டாதவற்றைச் சொல்லாமல், வேண்டியவை எவை என்று சொல்லி மீதியை அழித்தது. அந்தப் பட்டியலை எழுதியவருக்குத் தமிழ் நினைவில் இருந்திருக்காது. பெர்ல் மொழியில் இதே கேள்விக்குச் சரியான விடை வரும். அங்கே ‘சொல்லெழுத்து’ என்பதில் குறிகளும் அடக்கம். ஆனால் யூடிஎஃப்-8 என்று நாம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அதுவும் பைட்டாகத்தான் பார்க்கும்.

---

சுருள்வாசல்

மீட்பு பற்றி யாரும் பேசவில்லையே. வட்டு எது, சுழலும் தட்டா, எஸ்எஸ்டியா? எஸ்எஸ்டி என்றால் டிரிம் கட்டளை காலி இடத்தைத் துடைத்திருக்கும்; உபுண்டு வாரம் ஒருமுறை தானாகவே அதை ஓட்டுகிறது. சுழலும் தட்டு என்றால் ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவியை ஓட்டிப் பாருங்கள். படம் வரும், பெயர் வராது. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணுமாகப் பெயர் போட்டுத் தரும்.

---

ஓலைநறுக்கு

சுழலும் தட்டுதான். ஆனால் அதற்கு முன் ஒரு நல்ல செய்தி. ஸ்கேன் செய்து தந்த ஸ்டூடியோக்காரர் தன் வட்டில் ஒரு படியை இன்னும் வைத்திருக்கிறார். சித்தப்பா மகனிடம் 2014இல் வாங்கிய மேக் மடிக்கணினி இருக்கிறது. அதிலும் பாதி உண்டு. இரண்டையும் புதிய வட்டுக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

---

ஓலைநறுக்கு

எடுத்தேன். பேய் பிடித்த வட்டு போலிருக்கிறது. ஒரே கோப்புறையில் ‘கொலு’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள். நீட்டிப்பும் ஒன்றே. ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்க முடியாது என்றுதானே சொல்கிறார்கள்? ஸ்டூடியோ வட்டிலிருந்து சில கோப்புகள் வரவே மறுக்கின்றன. ‘பெயர் மிக நீளம்’ என்கிறது. விண்டோஸில் நன்றாகத் திறக்கின்றன.

---

முனையவாசி

பேய் இல்லை, கொம்பும் காலும்.

‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். க என்ற குறியீட்டுக்குப் பின் ‘ொ’ என்ற ஒரே குறியீடு. அல்லது க, பிறகு ‘ெ’, பிறகு ‘ா’ என்று பிரித்து. திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறியும் இவை சமம் என்றே சொல்கிறது. ஆனால் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பைட்டைத்தான் ஒப்பிடும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஒட்டிய ‘கொலு’ 12 பைட், பிரித்த ‘கொலு’ 15 பைட். நீட்டிப்போடு சேர்த்தால் 16, 19. முனையத்தில் எல்எஸ் தரும் பெயர்ப் பட்டியலை, பைட்டுகளை எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்புக்கு அனுப்பிப் பாருங்கள், கண்ணால் காணலாம்.

2014 மேக் என்றால் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை. அது பெயர்களைப் பிரித்து வைக்கும் பழக்கமுடையது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் நாம் கொடுத்த வடிவத்தை அப்படியே காக்கிறது. ஆனால் ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். அதனால் மேக்கில் இருக்கும்வரை யாருக்கும் இது தெரியாது. லினக்ஸுக்கு வந்த பிறகுதான் இரட்டைப் பிள்ளைகள் வெளியே தெரிவார்கள்.

தீர்வு: கான்வ்எம்வி என்ற கட்டளை. யூடிஎஃப்-8லிருந்து யூடிஎஃப்-8க்கே மாற்றச் சொல்லி, என்எஃப்சி என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பிரிந்தவற்றை ஒட்டிவிடும். அதன் நல்ல குணம், ‘சோதனை வேண்டாம்’ என்று வெளிப்படையாகச் சொல்லும்வரை எதையும் மாற்றாது. என்ன செய்யப் போகிறது என்று காட்டிவிட்டு நிற்கும். ஆனால் இரண்டு ‘கொலு’வையும் முதலில் எம்டி5 (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) போட்டு ஒப்பிடுங்கள். உள்ளடக்கம் ஒன்று என்றால் ஒன்றை எடுத்துவிடலாம். வேறு என்றால் ஒன்றுக்குக் கையால் வேறு பெயர்.

நீளம் பற்றி: விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒரு பெயரில் 255 குறியீடுகளை ஏற்கும்; தமிழ்க் குறியீடும் அதற்கு ஒன்றுதான். எக்ஸ்ட்4 255 பைட்டை ஏற்கும். மூன்றால் வகுத்தால் 85. நீட்டிப்புக்கு நான்கு பைட் கழித்தால் 83 குறியீடுகள். ‘தமிழ்’ என்ற சொல்லே ஐந்து குறியீடு, 15 பைட். பெயரில் கதை எழுதிய உங்கள் உறவினரின் கோப்புகள்தான் நிற்கின்றன.

---

ஓலைநறுக்கு

அவரேதான். ‘1962 கார்த்திகை மாதம் பெரிய அப்பச்சி ரங்கூனிலிருந்து…’ என்று தொடங்கும். முழுவதையும் இங்கே போட்டால் இழையும் நிறைந்துவிடும்.

---

மேகலை

நான் மேக் கட்சி. ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளாக மேக்கின் திரைப்பிடிப்புப் பெயர்களில் நேரத்துக்கும் முற்பகல், பிற்பகலைக் குறிக்கும் இரண்டெழுத்துக்கும் நடுவில் வருவது சாதாரண இடைவெளி இல்லை. குறுகிய, உடையாத இடைவெளி. இடைவெளியை எல்லாம் அடிக்கோடாக்கு என்று கட்டளை எழுதி, மாறவில்லையே என்று ஒரு மாலை முழுவதும் என்னையே சந்தேகப்பட்டேன்.

இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய தலைப்புகளில் அகலமே இல்லாத குறியீடுகள் ஒளிந்திருப்பதும் உண்டு. எல்எஸ் கட்டளையின் -பி விருப்பம் கட்டுப்பாட்டுக் குறிகளை வெளிச்சம் போட்டுக் காட்டும். இவற்றை அது எப்போதும் காட்டித் தராது. ஹெக்ஸ்டம்ப் ஒன்றே நம்பகம்.

---

நூலகத்து_அக்கா

என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நம்பிவிட வேண்டாம். ‘ஸ்ரீ’ இருக்கிறதே, அதை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். ‘ஶ’ 2005இல் ஒருங்குறி 4.1இல் சேர்ந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். ஒருங்குறிக் கணக்கில் இவை சமம் இல்லை. என்எஃப்சி போன்ற எந்த இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. எங்கள் பட்டியலில் ‘ஸ்ரீ’ என்று தேடினால் பாதிதான் வரும். பிறகுதான் காரணம் புரிந்தது.

அதேபோல் ‘கௌ’ என்பதற்குக் கொம்பு போட்டு ‘ள’ தட்டி ‘கெள’ என்று வைப்பவர்கள் ஏராளம். ‘ஔ’ இடத்தில் ‘ஒள’. இது மனிதர் கை செய்யும் பிழை. தானாகத் திருத்தப் போனால் ‘கெளுத்தி’ மீன் ‘கௌுத்தி’ ஆகிவிடும். இவற்றைப் பட்டியல் எடுத்துக் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

---

பழைய_தட்டச்சர்

என்னிடம் 1990களின் இறுதியில் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தட்டிய கோப்புகள் இருக்கின்றன. பெயர் எல்லாம் மேலே புள்ளியும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்தாகத் தெரிகிறது. வழி உண்டா?

---

முனையவாசி

உண்டு ஐயா. லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சியின் ஐகான்வ் திஸ்கியை அறியும். பெயரை முதலில் யூடிஎஃப்-8லிருந்து விண்டோஸ்-1252க்கு மாற்றிப் பழைய பைட்டுகளை மீட்க வேண்டும். பிறகு அதைத் திஸ்கி என்று சொல்லி யூடிஎஃப்-8க்கு மாற்ற வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டியது என்றால் ஐகான்வ் உதவாது. அதற்குத் தனி மாற்றி. புது இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

---

ஓலைநறுக்கு

சரி, இப்போது பெயர்களை எப்படித்தான் சீர்செய்வது? ரீநேம் என்ற கட்டளை நல்லது என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் கணினியில் ஓடிய வரி என்னிடம் பிழை காட்டுகிறது.

---

முனையவாசி

ரீநேம் என்ற பெயரில் இரண்டு கட்டளைகள் உலவுகின்றன. டெபியன், உபுண்டுவில் கிடைப்பது பெர்லில் எழுதியது; தேடல் கோவையை (ரெஜெக்ஸ்) ஏற்கும்; புதிய பெயரில் கோப்பு இருந்தால் மாற்ற மறுக்கும். ஃபெடோராவில் ரீநேம் என்பது யூடில்-லினக்ஸ் தொகுப்பில் வருவது. ‘இந்தச் சொல்லுக்குப் பதில் அந்தச் சொல்’ என்ற அளவுதான். தடுக்கச் சொல்லாவிட்டால் மேலெழுதும். நண்பரின் வரியை ஓட்டும் முன் எந்த வீட்டு ரீநேம் என்று பாருங்கள்.

இரண்டிலும் -என் என்றால் ஒத்திகை. ஆனால் ஒத்திகையை முழுதாக நம்பாதீர்கள். ‘பாட்டி போய்ப் படட ஆகும், பட்டா போய்ப் படட ஆகும்’ என்று இரண்டு வரியையும் அமைதியாகக் காட்டும். 6,000 வரிக்கு நடுவில் அது உங்கள் கண்ணில் படாது.

உங்கள் அளவுக்கு நான் செய்யும் முறை வேறு. நேரடியாகப் பெயர் மாற்ற மாட்டேன். முதலில் ஒரு பட்டியல்: இடப்பக்கம் பழைய பெயர், நடுவில் தாவல், வலப்பக்கம் புதிய பெயர். ஃபைண்ட் கட்டளையால் எடுத்து, செட் கட்டளையால் வலப்பக்கத்தை மட்டும் திருத்துவேன். தொடர் இடைவெளிகள் ஒரு அடிக்கோடாகும், அடைப்புக்குறியும் ஆச்சரியக்குறியும் போகும், தொடக்கத்துச் சிறுகோடு போகும். அந்தச் சிறுகோடு முக்கியம். சிறுகோட்டில் தொடங்கும் பெயரைக் கட்டளைகள் விருப்பம் என்று நினைத்துக்கொள்ளும்.

பிறகு வலப்பக்கத்தைக் கோப்புறைப் பாதையோடு வரிசைப்படுத்தி, யூனிக் கட்டளையில் -டி போட்டு, இரட்டித்தவை மட்டும் காட்டச் சொல்வேன். எல்சி_ஆல் மாறியைச் ‘சி’ என்று வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். மொழி அமைப்பு சரியில்லாத கணினியில் வெவ்வேறு தமிழ்ச் சொற்களையே சமம் என்று அது சொல்லிவிடக்கூடும். வெளியீடு காலியாக வந்தால்தான் அடுத்த படி. ஒரே ஒரு வரி வந்தாலும் கையை எடுத்துவிடுவேன்.

மாற்றும்போது எம்வி கட்டளைக்கு -என் கொடுங்கள். இருக்கும் கோப்பின்மேல் எழுதாது. எண்ணிட்ட காப்புப்படி எடுக்கும் விருப்பமும் உண்டு. பழையது அலைக்குறி, எண், அலைக்குறி என்ற வாலோடு பக்கத்திலேயே நிற்கும். கோப்புறைப் பெயர்களும் மாறுகின்றன என்றால் ஃபைண்டுக்கு ஆழத்திலிருந்து மேலே வரச் சொல்லும் விருப்பம் வேண்டும். மேலே உள்ளதை முதலில் மாற்றினால் உள்ளே உள்ளவற்றின் பாதை எல்லாம் பொய்யாகிவிடும்.

பட்டியலைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டு பத்திகளையும் இடம் மாற்றி ஓட்டினால் எல்லாம் பழையபடி திரும்பிவிடும்.

---

சுருள்வாசல்

பெயரிலேயே தாவலோ புதுவரியோ இருந்தால் உங்கள் பட்டியல் உடையுமே.

---

முனையவாசி

உடையும். அதனால் அவற்றை முதலில் தேடிக் கையால் சரிசெய்துவிடுவேன். பொதுவாக ஐந்தாறுதான் இருக்கும். பட்டியல் இல்லாமல் குழாயில் அனுப்புவதானால் ஃபைண்டின் சுழிய பைட் வெளியீடும் எக்ஸார்க்ஸின் சுழிய பைட் உள்ளீடும்தான் வழி. பல்லாண்டாக எல்லாரும் பயன்படுத்திய இவை 2024 பதிப்பில்தான் போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் பொதுத் தரத்துக்குள் நுழைந்தன.

---

மேகலை

நிரல் எழுதப் பயப்படுபவர்களுக்கு: மோர்யூடில்ஸ் தொகுப்பில் விடிர் என்று ஒரு கருவி உண்டு. கோப்புறையின் பெயர்ப் பட்டியலை உரைத்தொகுப்பியில் திறந்துவிடும். வரிக்கு ஒரு எண், ஒரு பெயர். திருத்திச் சேமித்தால் பெயர்கள் மாறிவிடும். எச்சரிக்கை: வரியை அழித்தால் கோப்பையே அழித்துவிடும்.

---

வெற்றிடம்

வாட்ஸ்அப் பெயர்களுக்கு ஒரு வார்த்தை. 20190415 என்று நடுவில் வருவது படம் எடுத்த நாள் அல்ல, கைபேசிக்கு வந்த நாள். 1962 கடிதத்துக்கு 2019 என்று பெயர் வைத்துவிடாதீர்கள். வரிசை எண்களைச் சுழியம் சேர்த்து ஒரே அகலமாக்குங்கள். இல்லாவிட்டால் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும். இதில் தமிழா ஆங்கிலமா என்ற சண்டையே இல்லை.

---

ஓலைநறுக்கு

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும்.

முனையவாசி சொன்னபடி பட்டியல் போட்டேன். யூனிக் முதல் முறை 212 வரிகளைக் கொட்டியது. அடைப்புக்குறிக்குள் இருந்த (1), (2) எல்லாவற்றையும் நான் எடுத்துவிட்டிருந்தேன். அவைதான் பல பெயர்களைப் பிரித்து வைத்திருந்தவை. அடைப்புக்குறியை மட்டும் எடுத்து எண்ணை விட்டேன். ஒன்பதாகக் குறைந்தது. அந்த ஒன்பதையும் கையால் முடித்தேன். மூன்றாம் முறை வெளியீடு காலி. அந்தக் காலித் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரட்டை ‘கொலு’க்கள் 31 இணைகள். 29 ஒரே உள்ளடக்கம். இரண்டு வெவ்வேறு ஆண்டுக் கொலு. நீளப் பெயர்களை வெட்டிச் சுருக்கி, முழுப் பெயரை அதே கோப்புறையில் ஒரு உரைக்கோப்பில் எழுதி வைத்துவிட்டேன். கதை சொன்ன உறவினருக்கு அதில் வருத்தம் இல்லை.

பட்டா ஸ்டூடியோ வட்டில் கிடைத்தது. பாட்டியின் படம் மேக்கில். மொத்தம் இப்போது 6,217. கிடைக்காதது தாலாட்டுப் பக்கம் ஒன்றுதான். அது ஸ்டூடியோவுக்கே போகவில்லை. அத்தை கைபேசியில் எடுத்து அனுப்பியது. அவர் கைபேசி மாறிவிட்டது. ஃபோட்டோரெக் ஒரு இரவு முழுவதும் ஓடி நான்காயிரம் படங்களைக் கொட்டியது. அதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

---

பழைய_தட்டச்சர்

நோட்டு எங்கே தம்பி? நோட்டு இருக்கிறதல்லவா?

---

ஓலைநறுக்கு

மதுரையில் அத்தை வீட்டில் இருக்கிறது ஐயா. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

---

வெற்றிடம்

என்ன பெயர் வைப்பதாக உத்தேசம்?

---

ஓலைநறுக்கு

பாட்டி_தாலாட்டு_001. ஒட்டிய வடிவில், 17 குறியீடு, நீட்டிப்பு தனி. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

---

முனையவாசி

எனக்கு 19 வருகிறது. அடிக்கோடு இரண்டையும் எண்ணினீர்களா?

---

ஓலைநறுக்கு

இல்லை.